புதுப்பிப்பு: ஹெதர் தேனுக்குப் பெட்டிகள் மேடேறிவிட்டன

தேனீப் பெட்டிகளை ஜூலையிலேயே இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுக்குக் கொண்டுபோகலாமா, ஆகஸ்ட் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பொறுத்தேன், அதுதான் சரி. ஹெதர் என்பது மேட்டுநிலக் குறுஞ்செடி; அதில் ஜூலையில் பூத்திருந்தது பெல் ஹெதர் என்ற வகை மட்டுமே. எனக்கு வேண்டிய லிங் ஹெதர் அப்போது மொட்டு. நாள்காட்டியை நம்பாமல் வாரந்தோறும் மேடேறிச் செடியையே பார்த்தேன். கதிரின் அடிமொட்டுகள் விரிந்ததும், ஆகஸ்ட் 6 இரவு, வாசலை அடைத்து, மேலே கம்பிவலை போட்டு நான்கு பெட்டிகளையும் ஏற்றினேன். கோடைத் தேனை முன்பே எடுத்துவிட்டதால் கலப்பில்லை.

ஐந்தாம் நாள் தேனீக்கள் கால்களில் லிங்கின் சாம்பல் நிற மகரந்தத்தோடு வந்து இறங்கின. மனம் குளிர்ந்துவிட்டது! நேற்று ஓர் அடையைக் கீறிச் சாய்த்தேன். தேன் சொட்டவில்லை, கூழாக நின்றது, உள்ளே சிறு காற்றுக்குமிழிகள். கரண்டியால் கிளறியதும் இளகியது. இதை அப்படியே பொறியில் சுழற்றி எடுக்க முடியாது; அடையோடு பிழிய வேண்டும். பிழிபொறி இரவல் கேட்டிருக்கிறேன்.