புதுப்பிப்பு: தம்பியின் காலும் அம்மாவின் வேண்டுதலும்

பைக் விபத்தில் தம்பிக்குத் தொடை எலும்பும் முழங்கால் மூட்டுக்குக் கீழுள்ள எலும்பும் உடைந்ததையும், குணமானதும் அவனே நடந்து மும்பை செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையும் ஏறுவான் என்று அம்மா வேண்டிக்கொண்டதையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நிறைய பேர் விசாரித்தீர்கள், நன்றி.

எலும்பைப் பிடித்துவைக்கத் தொடையில் உலோக ராடு, முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்திருக்கிறார்கள். மூட்டுப் பரப்பே உடைந்ததால் இப்போதைக்குக் காலை ஊன்றக் கூடாது, இப்படிப்பட்ட முறிவுக்குப் பிறகு ஊன்றப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகுமாம். எக்ஸ்ரேயில் தொடைப்பக்கம் புது எலும்பு மங்கலாகத் தெரிகிறது. அம்மா அந்தப் படத்துக்கும் விபூதி வைத்துவிட்டார்! முழங்கால் மடக்கும் பயிற்சிதான் கொடுமை, அவன் பல்லைக் கடிக்க, பக்கத்து அறையில் அம்மா கவசம் சொல்வார்.

படி ஏறுவது கடைசிக் கட்டம்தான் என்கிறார் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால். அம்மா இதை இப்போதே மனப்பாடம் செய்துவிட்டார். 'அவனுக்குப் பதிலா நான் ஏறலாமா?' என்று கேட்டதற்கு, 'முருகனுக்கு ஒண்ணும் அவசரமில்லை மாமி' என்றாராம் குருக்கள்.

அப்புறம், புகைத்தால் எலும்பு சேரத் தாமதமாகும் என்று டாக்டர் சொன்னதும் சிகரெட்டை விடுவதையும் வேண்டுதலில் சேர்த்துவிட்டார் அம்மா. அதிலிருந்து தம்பி சிகரெட்டைத் தொடவில்லை. அந்தப் பெருமை யாருக்கு என்று வீட்டில் சண்டை நடக்கிறது.