25 கோடி டாலர் வந்தால் முதல் செலவு எதற்கு?

சர்வர்ரூம் (ஜாகீர் அம்மாபாளையம்):
கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் 2011 அக்டோபரில் 25 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அப்போது பயனர்களின் கோப்புகள் அமேசானிடம் வாடகை இடத்தில் இருந்தன. கோப்பு சேமிக்கும் நிறுவனத்துக்கு இவ்வளவு பணம் வந்தால் முதல் வேலை சொந்த சர்வர், அதாவது கோப்புகளை வைக்கும் கணினிகள்தான். போட்ட கோப்பை ஆள் வருஷக்கணக்கில் திறந்தே பார்க்கமாட்டார், வாடகை மட்டும் மாதாமாதம் போகும். அவர்களும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். 2016-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் சொந்த இடத்துக்கு மாற்றினார்கள். 2018-ல் பங்கு வெளியிட்டபோது, இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள்.

மலைக்காப்பி (ஏற்காடு):
அண்ணா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. சர்வர் யாருடையது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. எங்கள் எஸ்டேட்டில் மழை பிடித்தால் நெட் வந்து வந்து போகும். பழம் பறித்த எடையை மேஸ்திரி மேலே பதிவார், அதே கோப்பைக் கணக்குப்பிள்ளை சேலத்தில் திருத்துவார். நெட் திரும்பியதும் ஒரே பெயரில் இரண்டு பிரதி நிற்கும். எந்த எடையை வைத்துக் கூலி போடுவது? சனிக்கிழமை சம்பளத்துக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். இதைச் சரிசெய்யும் நல்ல இன்ஜினியர்களுக்குத்தான் முதல் பணம் போகணும்.

ஆல்பம்கடை (செவ்வாய்ப்பேட்டை):
நான் சர்வர்ரூம் பக்கம். முகூர்த்த சீசனில் ஒரு கல்யாண வீடியோவே பல நூறு ஜிபி. குழந்தை பிறந்த பிறகு வந்து பழைய வீடியோ கேட்பவர்கள் உண்டு, அழிக்க மனசு வராது. ஜிபிக்கு எவ்வளவு என்பதுதான் எனக்குக் கேள்வி. அப்புறம், வேறு கம்பெனிகளை வாங்குவதில் மட்டும் பணத்தைக் கொட்டக் கூடாது. 2013-ல் மெயில்பாக்ஸ் என்ற மின்னஞ்சல் ஆப்பை டிராப்பாக்ஸ் வாங்கியது, 2016-ல் மூடிவிட்டது. நம்பி வந்தவர்கள் எங்கே போவது?

மலைக்காப்பி:
வாங்கி மூடியது தப்பு, அதில் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் விலையில் ஜெயிக்க முடியாது. 2012 ஏப்ரலிலேயே இதே வேலை செய்யும் கூகுள் டிரைவ் 5 ஜிபி இலவசத்தோடு வந்துவிட்டது. கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டை மட்டும் அனுப்புவது டிராப்பாக்ஸின் வழி. பெரிய கோப்பில் கொஞ்சம் திருத்தினால் முழுதும் மறுபடி ஏறாது. மலைமேல் இருக்கிற எங்களுக்கு இந்த வேலைப்பாடுதான் காசுக்கு மதிப்பு. பாதுகாப்பையும் நீங்கள் யாரும் பேசவில்லை. 2012-ல் டிராப்பாக்ஸில் நடந்த திருட்டில் 6 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் மின்னஞ்சலும் மறைகுறியாக்கிய பாஸ்வேர்டும் போயின. ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்த அதே பாஸ்வேர்டை அலுவலகத்திலும் வைத்திருந்ததுதான் திருடர்கள் நுழைந்த வழி.

சர்வர்ரூம்:
சரி, பாதுகாப்புக்கு ஆள் போடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூகுள் 5 ஜிபி சும்மா கொடுக்க முடிந்ததே சொந்த டேட்டா சென்டர் (சர்வர்கள் வைக்கும் கட்டடம்) இருந்ததால்தான். வாடகைக்காரன் அந்த விலையோடு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? இந்த மாதிரி இடம் கட்டி முடிக்க வருஷங்கள் ஆகும், அதனால்தான் பணம் வந்த அன்றே தொடங்கணும் என்கிறேன்.

மலைக்காப்பி:
அந்த வருஷங்களில் வட்டுகள் பழுதாகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் வேறு வேறு ஊரில் பிரதி வைக்கணும், ராத்திரி பகலாகக் கவனிக்கணும். சின்ன கம்பெனி அதில் இறங்கி ஒரு தடவை கோப்பைத் தொலைத்தால் எங்கள் கூலிக் கணக்குக்கு யார் பதில் சொல்வது? வாடகை கூடினாலும் முதல் மூன்று வருஷம் கோப்புகள் அமேசான் மாதிரி பெரிய கம்பெனிகளிடமே இருக்கட்டும்.