பல் மருத்துவர்தான் முதலில் கண்டுபிடித்தார்

அக்கா ஒருவர்:

என் தங்கைக்குப் புலிமியா, அதாவது அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற உணவுக் கோளாறு, இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் பல் மருத்துவர். பல் கூசுகிறது என்று போயிருந்தாள். மேல் முன்பற்களின் உட்புறத்தில் எனாமல் கரைந்திருந்தது. “அடிக்கடி வாந்தி எடுப்பீங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

அவள் ஒல்லி கிடையாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புலிமியாவில் பெரும்பாலும் எடை சாதாரணமாகவே இருக்கும். தயவுசெய்து எடையை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கியிருப்பது, விரல் முட்டியில் காய்ப்பு, இதெல்லாம் கண்ணில் படும். தொண்டைக்குள் விரலை விடும்போது பல் உரசி உரசி வருகிற காய்ப்பு அது. 1979-ல் புலிமியாவை விவரித்து எழுதிய ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதையும் குறித்திருக்கிறார்.

தங்கையைப் பார்த்த மனநல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுக்கச் சொன்னார். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அப்புறம் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை. வாந்தியை நிறுத்து என்று ஆரம்பிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களோ வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பதில் ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் ராத்திரி கட்டுப்பாடு போய்விடும். அள்ளி அள்ளிச் சாப்பிட்ட குற்ற உணர்வில் வாந்தி, அதை ஈடுகட்ட மறுநாள் மறுபடியும் பட்டினி. இந்தச் சுழலைப் பட்டினி என்கிற இடத்தில்தான் அறுக்க வேண்டுமாம். சாப்பிட்டது, அப்போது மனதில் ஓடியது எல்லாவற்றையும் அவளே குறிப்பேட்டில் எழுதுவாள். அந்தக் குறிப்பேட்டை நாங்கள் யாரும் தொடுவதில்லை. கூடவே ஃப்ளூயாக்ஸெட்டின் மாத்திரையும் உண்டு. புலிமியாவுக்கு அதன் அளவு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலாக இருக்கும், மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இன்னொன்று: வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

அப்பா ஒருவர்:

என் மகனுக்கு அனோரெக்சியா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கிற உணவுக் கோளாறு. ஆம், பையன்களுக்கும் வரும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற உப்பு சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவனை மருத்துவமனையில் வைத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் என்ன, எவ்வளவு என்பதை நானும் அவன் அம்மாவும்தான் முடிவுசெய்தோம். எடை தேறத் தேற அந்தப் பொறுப்பை அவனிடமே திருப்பித் தருகிறோம். இப்போது காலை உணவை அவனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மற்ற வேளைகளில் எங்களில் ஒருவர் அவனோடு உட்காருகிறோம்.