திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் பேச்சில் அடங்கிப்போவது: எங்கிருந்து தொடங்குவது?

செம்பருத்தி:
கல்லூரி ஆலோசனை மையத்துக்கு வரும் சில மாணவர்கள் அடிக்கும் திட்டுக்கும் நடுவே வளர்ந்தவர்கள். மற்ற நேரத்தில் நன்றாகப் பேசுவார்கள். யாராவது குரலை உயர்த்தினால் வாயடைத்துவிடும். என்ன தோன்றுகிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல", "ஒரு மாதிரியா இருக்கு", அவ்வளவுதான். ஒருவருக்குக் குரலே போய்விட்டது. பேச்சுப் பயிற்சியா, உளவியல் சிகிச்சையா?

குரல்நாண்:
குரல் போனவரை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்கோப் வைத்துப் பார்க்காமல் "மனசுதான்" என்று முடிவுகட்டினால் கட்டியோ நரம்புக் கோளாறோ தவறிப்போகும். குரல்நாண்கள் நன்றாக இருந்து, பேச்சு மட்டும் கிசுகிசுப்பாக, இருமலும் சிரிப்பும் கணீரென்று வந்தால் அது செயல்பாட்டுக் குரலிழப்பு. அந்த இருமலைப் பிடித்துத்தான் மேலேற வேண்டும்: இருமல், உடனே "ம்ம்ம்" என்று நீட்டல், பிறகு "ம்மா", பிறகு ஒற்றைச் சொல். அவசரப்பட்டு வாக்கியத்துக்குத் தாவினால் தொண்டை மறுபடி இறுகும்.

திக்குவாயை இதோடு சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குவது. மரபுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அதில் பெரும் பங்கு. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. திக்காத பிள்ளைகள் சிலரிடமும் "உனக்குத் திக்குகிறது" என்று சொல்லிச் சொல்லித் திருத்தினார்கள். திக்குவாய் வரவில்லை, ஆனால் வாய் திறக்கவே கூசினார்கள். சோதனையை நடத்திய அயோவா பல்கலைக்கழகம் 2001இல்தான் மன்னிப்புக் கேட்டது. உங்கள் மாணவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான்.

நெய்தல்:
வாயடைப்பு அடம் இல்லை, ஆபத்து என்று உடல் எடுத்துக்கொண்டு உறைவது. அந்த நேரம் "ஏன் பேசமாட்டேங்கிற?" என்றால் இன்னும் இறுகும். தலையசைக்கவோ எழுதிக்காட்டவோ விடுங்கள்.

உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். அதை அளக்கும் டொரொன்டோ அளவுகோலில் 20 கூற்றுகள். மொத்த மதிப்பெண் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் இருப்பதாகக் கொள்வார்கள். ஆனால் மனச்சோர்விலும் ஆட்டிசத்திலும்கூட மதிப்பெண் ஏறும்; அதை வைத்துச் சிறுவயதுக் காயம் என்று எழுதிவிடாதீர்கள்.

பயிற்சியை உடலிலிருந்து தொடங்குங்கள். சண்டை சச்சரவு இல்லாத நேரத்தில், நாளுக்கு 3 தடவை உடலைக் கவனித்துச் சொல்லட்டும்: எங்கே (தொண்டை, நெஞ்சு, வயிறு), எப்படி (இறுக்கம், சூடு, படபடப்பு), 0 முதல் 10க்குள் எவ்வளவு. முதல் வாரம் இது போதும். பிறகு இரண்டே சொல் கொடுங்கள்: "கோபமா, அவமானமா?" நீண்ட பட்டியலை நீட்டினால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பிடித்த பதிலைத் தேடுவார்கள். அடிக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைக்கு அது கைவந்த வித்தை.

செம்பருத்தி:
பழைய சம்பவங்களைச் சொல்லவைக்கலாமா?

நெய்தல்:
ஆலோசனை மையத்தில் வேண்டாம். அது பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர் செய்யவேண்டியது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள். பார்வை நிலைகுத்தினாலோ கை சில்லிட்டாலோ பேச்சை அங்கேயே நிறுத்தி, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் தெரியும் 5 பொருட்களைச் சொல்லவையுங்கள். சாவு பற்றிய பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள்; அன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.