புதுப்பிப்பு: சோற்றைத் துப்பும் எட்டு மாத மகள்

மசித்த சோற்றை மகள் துப்புகிறாள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது சாப்பிடுகிறாள், ஆனால் அவள் வைத்த சட்டத்தின்படி.

கூழாக அரைப்பதை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். எங்கள் பகுதி மருத்துவமாது, இந்த வயதில் கரண்டியால் மசித்தால் போதும், கையில் பிடித்துத் தின்னவும் கொடுங்கள் என்றார். வற்றாளங்கிழங்கை விரல் நீளத்தில் வெட்டி, அழுத்தினால் நசியும்வரை அவித்துக் கொடுத்தேன். பாதி தரைக்கு, கொஞ்சம் தலைமயிருக்கு, மீதி வயிற்றுக்கு! இடையிடையே ஓங்காளிக்கிறாள். சத்தத்தோடு இருமினால் பயமில்லை. சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து. அதனால் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை.

ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. ஆகவே வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் பாரை மீனை முள் நீக்கி, உப்பில்லாமல் அவித்து, பருப்புச் சோற்றுடன் பிசைகிறேன். பின்னால் இரண்டு துண்டு பப்பாசி; அதிலுள்ள விட்டமின் சி, பருப்பின் இரும்பை உடல் உறிஞ்ச உதவும்.

முட்டைக்கு ஒரு வயதாகட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்றைய மருத்துவ ஆலோசனை அப்படியில்லை. நன்றாக அவித்ததைச் சிறிதளவில், காலையில் தொடங்கினேன். தடிப்பு வந்தால் பகலிலேயே தெரியுமே. தேன் மட்டும் 12 மாதம்வரை கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம். மாமியுடன் இதில் இன்னும் இழுபறிதான்.

தண்ணீரைக் கோப்பையில் குடிக்க மறுக்கிறாள். வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.