எங்கிரேவிங்: 'தகட்டுவெட்டு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படத்தை வெட்டியோ அரித்தோ தாளில் அச்செடுக்கும் எங்கிரேவிங், எட்சிங், வுட்கட் மூன்றுக்கும் 'செதுக்கோவியம்' என்ற ஒரே சொல் போதும் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை ஐயா. மூன்றும் வேறு வேறு வேலை.

வுட்கட் என்றால் மரக்கட்டையில் கோட்டைச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள், மிஞ்சி நிற்கும் மேட்டில்தான் மை ஒட்டும். அதைச் செதுக்கு என்பது சரி. எங்கிரேவிங் செப்புத்தகட்டில் செய்வது, அங்கே நேர் எதிர், வெட்டிய பள்ளமே கோடு. காளான் வடிவப் பிடி உள்ளங்கையில் பொதிந்திருக்க, சுத்தியல் இல்லாமல் எஃகு உளியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போகவேண்டும், செம்பு சுருள் சுருளாக எழும்பி வரும். வளைவு வந்தால் கையை வளைப்பதில்லை, மணல் அடைத்த தோல் திண்டின்மேல் தகட்டைத்தான் திருப்புவார்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். 1649இல் கிளோட் மெல்லான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஏசுவின் முகத்தை மூக்கு நுனியில் தொடங்கி ஒரே சுருள் கோட்டால் வெட்டினார். கண், தாடி, முள்முடி எல்லாம் அந்தக் கோடு தடித்து மெலிந்து வந்தவைதான்.

அதோடு தீராது. தகடு முழுக்க மை தடவி, துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து, பள்ளத்தில் மட்டும் மை நிற்கும்போது ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே 'தகட்டுவெட்டு'. கல்வெட்டு பழகிய சொல், பாத்திரக்கடையிலும் 'பேர் வெட்டிக் கொடுங்க' என்றுதான் கேட்கிறோம், யாரும் செதுக்கச் சொல்வதில்லை. கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மைப்படி எடுத்தால் வெட்டிய எழுத்து வெள்ளையாக அல்லவா விழும், தகட்டில் வெட்டிய கோடு கறுப்பாக விழுகிறதே என்று கேட்டால், நியாயம்தான். அதனால் அச்சு முறைக்குத் தனியாகப் 'பள்ள அச்சு' வேண்டும். எட்சிங்கும் பள்ள அச்சுதான், ஆனால் அங்கே தகட்டில் பூசிய மெழுகை ஊசியால் கீறினால் போதும், செம்பைத் தின்பது அமிலம். அது 'அமில அரிப்பு'. வெறும் 'அரிப்பு' என்றால் சொறி சிரங்கோடு குழம்பும்.

பழைய படங்களில் ஓவியர் பெயர் இடது ஓரம், வெட்டியவர் பெயர் வலது ஓரம், 'ஸ்கல்ப்சிட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். லத்தீனில் அதற்குச் 'செதுக்கினார்' என்றே பொருள், ஒப்புக்கொள்கிறேன். தமிழில் மட்டும் 'வெட்டியவர்' என்று போடுவோம். மாதக்கணக்கில் தகட்டோடு குனிந்திருந்த மனிதரை ஓவியர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

உளிக்குத் 'தள்ளுளி' என்று வைத்திருக்கிறேன். தகட்டுவெட்டில் பேர்பெற்ற ஜெர்மன் ஓவியர் டியூரரே பொற்கொல்லர் மகன், அப்பாவின் பட்டறையில் பழகிய கை. இங்கேயும் பொற்கொல்லர் வீட்டார் யாராவது இருந்தால் உங்கள் பட்டறைச் சொல்லை எழுதுங்கள், அதற்கே முதலிடம்.