கொழுத்த குட்டிகளாகப் பார்த்துச் சாகின்றன, துள்ளுமாரியா?

கரிசல்காட்டு ஆட்டுக்காரன்:
விளாத்திகுளம் பக்கம் இருக்கிறேன். வேம்பூர்ச் செம்மறி ஆடு நாற்பது உருப்படி. பாதிக்கு மேல் எட்டயபுரம் சந்தையில் பிடித்தவை; தடுப்பூசி போட்டவையா என்று விற்றவருக்கே தெரியவில்லை. இந்த வாரம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் மேய்கின்றன. உதிர்ந்த கதிர் நிறையக் கிடக்கிறது. நேற்று அடைக்கும்போது நன்றாக இருந்த கிடாக்குட்டி விடியும்போது செத்துக் கிடந்தது. இன்று மதியம் இன்னொன்று, என் கண் முன்னாலேயே. எம்பித் துள்ளி விழுந்தது, தலையை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு காலை உதைத்தது, வாயில் நுரை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டுமே பட்டியில் நல்ல தெம்பான குட்டிகள். பக்கத்துக் காட்டுக்காரர் "சூடு ஆறுவதற்குள் அறுத்துக் கூறு போட்டுவிடு, கொஞ்சம் காசாவது மிஞ்சும்" என்கிறார். அறுக்கலாமா? மற்ற ஆடுகளுக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
தம்பி, தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள். கறிக்கும் வேண்டாம், தோலுக்கும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது துள்ளுமாரி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அடைப்பானிலும் (ஆந்த்ராக்ஸ்) ஆடு இப்படித்தான் திடீரென்று விழும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அடைப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். ரத்தமே வராமலும் அடைப்பானில் சாவதுண்டு, அதுதான் ஆபத்து. அறுத்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். அறுத்தவர் கையில் புண் வரும், அதன் நடுப்பகுதி கறுத்திருக்கும்; சிலருக்கு உயிரே போகும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை நாய், காக்கை அண்டாமல் மூடி வையுங்கள்.

துள்ளுமாரி என்றால் விஷயம் வேறு. அந்தக் கிருமி ஆட்டுக் குடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். திடீரென்று தானியமோ மழைக்குப் பின் வரும் இளம்புல்லோ மிதமிஞ்சி உள்ளே போனால், செரிக்காத மாவு குடலுக்கு இறங்குகிறது. அதில் கிருமி பெருகி நஞ்சு கக்குகிறது. நஞ்சு மூளைக்கு ஏறும்போதுதான் துள்ளல். அதிகம் தின்கிற குட்டிதான் முதலில் போகும். நோஞ்சான் தப்பிக்கும். விழுந்த பிறகு வைத்தியம் அநேகமாகப் பலிக்காது.

இன்றே மந்தையை அந்தக் காட்டிலிருந்து மாற்றுங்கள். கதிரைப் பொறுக்கி எடுத்த பிறகு விட்டாலும், காலையில் சோளத்தட்டையோ வைக்கோலோ வயிறு பாதி நிரம்பப் போட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் விடுங்கள்.

கரிசல்காட்டு ஆட்டுக்காரன்:
ஐயா, மிக்க நன்றி. டாக்டர் வந்துவிட்டார். ரத்தத்தில் அடைப்பான் இல்லை என்று உறுதியான பிறகுதான் வயிற்றைத் திறந்தார். சிறுநீரகம் விரலால் தொட்டாலே குழைந்து கூழாக வந்தது. துள்ளுமாரிதான் என்றார். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டோம். சினை ஆடுகள் தவிர மீதி எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. சினை ஆடுகளுக்கும் போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
போடலாம், போடவும் வேண்டும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்பு போய்ச் சேரும். சினை ஆட்டை விரட்டாமல் பதமாகப் பிடியுங்கள். முதல் தடவை போடுகிற ஆடுகளுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி கட்டாயம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஊசி உடனே வேலை செய்யாது, அதுவரை தீனிக் கட்டுப்பாடுதான் காவல். இனி வருடா வருடம் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். ராணிப்பேட்டையில் நம் அரசு நிலையமே இந்த மருந்தைத் தயாரிக்கிறது.

திண்டுக்கல் வெள்ளாட்டுக்காரி:
வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வெள்ளாட்டில் துள்ளல் இல்லாமல், ரத்தமும் சளியும் கலந்த கழிச்சலாகவும் இது வரும். ஊசியின் பலனும் செம்மறி அளவுக்கு நீடிக்காது. எங்கள் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லியிருக்கிறார், அப்படியே போட்டு வருகிறோம்.